மூன்றாம் களத்தில் ஒரு தோட்டா குறைகிறது

அத்தியாயம் 9

இரும்புக் கேட்டைக் கண்டதுமே ஐலா கார் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியை நிறுத்துங்க," என்றாள். "என்னால முடியாது. வாந்தி வருது."

"ஜன்னலை இறக்கிட்டு எடுங்க," என்றான் ஸ்டீயரிங்கில் இருந்த ஓஸ்மோ. "சீட்டு உறையை நேத்துதான் துவைச்சேன்."

"ஓஸ்மோ," என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த கெர்த்து. அந்த ஒரு சொல்லில் அவன் வாய் மூடியது. ரொம்ப நேரத்துக்கு அல்ல. அவனுக்கு அது முடியாத காரியம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பின்லாந்தின் கௌவோலா ஊருக்கு வெளியே பைன் காட்டுக்குள் இருக்கும் இந்த மணல் குழியில்தான் ஐலா ஒரு மனிதரைக் கொன்றாள். போலீஸ் அப்படித்தான் சொன்னது. ஊரும் சொன்னது. தலையணையில் தலை வைத்தால் அவளுடைய மனசும் அதையேதான் சொன்னது. ரெய்னோ. துப்பாக்கிக் கிளப்பின் தலைவர். 'பயப்படாதேம்மா, துப்பாக்கி உன்னைக் கடிக்காது' என்று முதல் நாள் சிரித்த மனிதர். பலகைச் சுவர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே அட்டைகளைச் சுடுகிற இந்த விளையாட்டில் அவள் கற்றுக்குட்டி. அவள் சுட்ட தோட்டாக்களில் ஒன்று மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை. மண்மேட்டைத் தாண்டிப் போய், பக்கத்து நாலாம் களத்தில் இரும்புத் தகடு சரி செய்துகொண்டிருந்த ரெய்னோவின் கழுத்தைத் துளைத்து மணலில் புதைந்துவிட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நேற்று இந்த இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள். தனியார் துப்பறியும் ஆட்களாம். கெர்த்துவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கட்டையாக வெட்டிய தலைமுடி, பேசும்போது ஆளையே பார்க்கும் கண். 'நாளைக்கு எங்களோட அங்கே வரணும்' என்றாள். யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்கக்கூட ஐலாவுக்குத் தைரியம் வரவில்லை. தன்னை ஜெயிலுக்கு அனுப்பத்தான் யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டைத் திறந்துவிட்டது டோர்ஸ்டி. நல்லவேளை, அவனாவது இருக்கிறானே என்று அவளுக்குப் பாதி உயிர் வந்தது. கிளப்பின் சாம்பியன் அவன். தேசிய அணியில் இருப்பவன். இந்த விளையாட்டுக்கு அவளை அழைத்து வந்தவனும் அவன்தான். எட்டு மாதமாக அவளுக்கு எல்லாமே அவன்தான்.

"தங்கம், கை சில்லுன்னு இருக்கே," என்று அவள் நெற்றியில் முத்தமிட்டான். அப்புறம் கெர்த்துவைப் பார்த்து, "சீக்கிரம் முடிச்சிடுங்க. பாவம், இவ ரெண்டு வாரமா ஒரு வாய் சாப்பிடல. நான் கிளப் குடிசையில பட்டாணி சூப்பைச் சூடு பண்றேன்."

அவன் இடுப்பில் பெல்ட்டும், உறையில் துப்பாக்கியும் இருந்தன. ஓஸ்மோ அதையே பார்த்தான்.

"பயிற்சி இருக்கு," என்று சிரித்தான் டோர்ஸ்டி. "பயப்படாதீங்க. இங்க எல்லார் துப்பாக்கியும் காலிதான். நடுவர் சொல்லாம யாரும் தோட்டா போட மாட்டோம், உறையை விட்டு எடுக்கக்கூட மாட்டோம்."

"ரொம்ப நல்ல பழக்கம்," என்றான் ஓஸ்மோ. "என் மாமியார் வாய்க்கும் அப்படி ஒரு நடுவர் இருந்தா தேவல."

அன்று ஐலா சுட்ட மூன்றாம் களம் அப்படியே இருந்தது. மூன்று பக்கமும் மண்மேடு, நடுவே பலகைச் சுவர்கள், அங்கங்கே கம்பில் மாட்டிய பழுப்பு அட்டைகள். அன்றிலிருந்து யாரும் இங்கே சுடவில்லை. போலீஸ் சொன்னபடி அட்டைகளுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி வைத்திருந்தார்கள். ஐலா களத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நடந்து காட்டு," என்றாள் கெர்த்து. "போட்டிக்கு முன்னாடி எல்லாரும் வெறும் விரலை நீட்டிக்கிட்டு நடந்து பாப்பீங்களாமே. அந்த மாதிரி. ஓஸ்மோ, நீ நடுவர்."

"எனக்கு என்ன வசனம்?"

"ஐலா சொல்லுவா."

நாக்கு ஒட்டிக்கொண்ட வாயால் ஐலா சொல்லிக்கொடுத்தாள். நடுவர் தோளுக்குப் பின்னால் டைமரோடு நிற்பார். தோட்டா போட்டுத் தயாராகு என்பார். தயாரா என்று கேட்பார். பிறகு 'பீப்'. சுட்டு முடித்ததும், முடிச்சாச்சுன்னா தோட்டாவை எடு, காலியைக் காட்டு என்பார். தோட்டா அடுக்கிய மேகசினை உருவி, துப்பாக்கியின் மேல்பக்கத்து ஸ்லைடை இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று அவருக்குக் காட்ட வேண்டும்.

"இதை எத்தனை தடவை பண்ணுவீங்க?"

"ஒவ்வொரு தடவை சுட்டதும். பழைய ஆளுங்க தூக்கத்துல கூடப் பண்ணுவாங்கன்னு ரெய்னோ சொல்லுவார்..." அவர் பெயரைச் சொன்னதும் அவள் மண்மேட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பீப்!" என்று கத்தினான் ஓஸ்மோ. ஐலாவுக்குத் தூக்கிவாரிப்போட, அழுதேவிட்டாள்.

"மன்னிச்சுடுங்க," என்றான் அவன் நிஜமாகவே பதறிப்போய். "நான் மெதுவா பீப் பண்றேன்."

நடந்தாள். ஜன்னல் வழியாக இரண்டு அட்டை. மூலையைத் திரும்பி இன்னும் இரண்டு. கடைசியில் இடது கோடியில், நாலாம் களத்தை ஒட்டிய மண்மேட்டோரம், அந்த அட்டை. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு தோட்டா. இந்தக் கடைசி அட்டையில் மட்டும் ஒரே ஓட்டை.

"இங்கதான்," என்றாள். "ரெண்டாவது எங்க போச்சுன்னு தெரியல. கை தூக்கிடுச்சோ என்னமோ. கண்ணை மூடினேனான்னு கூட ஞாபகம் இல்ல. நான்தான்... கெர்த்து, என்னைப் பிடிச்சுக் குடுக்கத்தானே வந்திருக்கீங்க? சொல்லிடுங்க. பயந்து பயந்து சாக முடியல."

கெர்த்து கடைசி அட்டையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தாள்.

"மத்த அட்டையெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஸ்டிக்கரா இருக்கே, ஏன்?"

"சுட்ட ஓட்டையை எண்ணி முடிச்சதும் அது மேல பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிடுவோம். அடுத்த ஆளுக்கு அதே அட்டை. காலையிலிருந்து நிறையப் பேர் சுட்டிருந்தாங்க. எல்லார் பாக்கெட்லயும் ஒரு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். ஓட்டையைப் பாத்தா கை தானா ஒட்டிடும்."

"அன்னிக்கு நீ சுட்டதை ஒட்டினாங்களா?"

"எங்க ஒட்டறது? எண்ணவே இல்ல. அதுக்குள்ள கூச்சல் வந்துடுச்சு, எல்லாரும் நாலாம் களத்துக்கு ஓடினாங்க. அப்புறம் போலீஸ் வந்துதான், நடுவரை வச்சு எண்ணினாங்க."

"இந்தக் கடைசி அட்டையில ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் இருக்கு. ஒரு ஓட்டை, ஒரு ஸ்டிக்கர். போலீஸ் போட்டோவுலயும் அதே."

"அதுல என்ன?" என்றாள் ஐலா. "இது புது அட்டை. பழசு கிழிஞ்சு தொங்கிச்சு. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் சாசேஜ் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. புதுசா சேர்ந்தவங்கதானே எடுபிடி வேலை செய்யணும், நான்தான் ஸ்டேப்ளரைத் தூக்கிட்டு வந்து இதை அடிச்சேன்."

கெர்த்து மெதுவாகத் திரும்பினாள்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இங்க முதல்ல சுட்டது யாரு?"

"நான். காத்திருந்தா இன்னும் நடுங்கும், என்னை முதல்ல விட்டுடுங்கன்னு நானே கேட்டுக்கிட்டேன்."

"நீ அடிச்ச அட்டை. உனக்கு முன்னாடி அதுல யாரும் சுடல. நீ சுட்டதை யாரும் ஒட்டல." கெர்த்துவின் குரல் தணிந்துவிட்டது. "அப்போ இந்த ஸ்டிக்கர் எதை மூடியிருக்கு?"

காட்டில் எங்கோ ஒரு காக்கை கத்தியது. ஐலாவுக்குக் கேள்வி புரிந்தது, ஆனால் புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

"பாஸ்," என்றான் ஓஸ்மோ, "நானே பிய்க்கட்டுமா? இல்ல, ஐலா மேடத்துக்கு முதல்ல ஒரு நாற்காலி போடவா?"

கெர்த்து கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பினாள். மெல்ல உரிந்து வந்தது. அடியில், நேர்த்தியான வட்டமாக, ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பின்னாலிருந்த மணல் தெரிந்தது.

இரண்டு ஓட்டை. ஐலா சுட்ட இரண்டும் அந்த அட்டையில்தான் பாய்ந்திருந்தன. மேட்டைத் தாண்டி ஒன்றும் பறக்கவில்லை.

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "எல்லாரும் பாத்தாங்களே... நடுவர் பாத்தார், போலீஸ் பாத்துது, நானே பாத்தேனே!"

"உங்க யார் கண்ணுக்கும் ஸ்டிக்கர் தெரியாது, அதான். ஸ்டிக்கர் இருந்தா அங்க ஓட்டையே இல்லைன்னு கண்ணைப் பழக்கி வச்சிருக்கீங்க. ஒட்டினவனுக்கும் அந்த நம்பிக்கைதான். மத்த அட்டையெல்லாம் ஒட்டு மயமா இருக்கவும், இதுல ஒண்ணு இருந்தா யாருக்கும் உறைக்காதுன்னு நினைச்சுட்டான்." கெர்த்து அவள் முன்னால் குந்தினாள். "இப்ப யோசிச்சுச் சொல்லு. கூச்சல் போட்டுக்கிட்டு வந்தது யாரு? எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினப்ப, இங்க தங்கினது யாரு?"

யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வாரமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்திருக்கிறாள். எல்லாரும் ரெய்னோவைப் பார்க்க ஓடினாங்க, அவன் ஒருத்தன்தான் என்கூட நின்னான். என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினான். உட்கார வச்சான். 'நீ அசையாதே தங்கம், அட்டையை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனான்.

நாலாம் களத்தில் ரெய்னோவோடு இருந்தவனும், கூச்சல் போட்டுக்கொண்டு வந்தவனும் அதே டோர்ஸ்டிதான். காது கிழிய அவள் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கூட ஒரு வெடிச்சத்தம் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவளுக்கு இத்தனை நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று தோன்றியது.

"காபி!" என்றது ஒரு குரல்.

களத்தின் வாசலில் டோர்ஸ்டி நின்றான். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் கோப்பைகள்.

"சூப் கொதிக்க நேரமாகும். அதுவரைக்கும் இதைக் குடிங்க." அவன் பார்வை ஐலாவிடம் வந்தது. "தங்கம்? ஏன் கீழே உட்கார்ந்திருக்கே?"

சிரி, சிரித்துத் தொலை என்று ஐலா தன்னையே அதட்டிக்கொண்டாள். முகம் கேட்கவில்லை. அவன் அவளைப் பார்த்தான், உரித்த அட்டையைப் பார்த்தான், கடைசியில் கெர்த்துவின் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்புத் துண்டைப் பார்த்தான்.

"அது என்ன?"

"பழைய ஸ்டிக்கர்," என்றாள் கெர்த்து அசிரத்தையாக.

"புது அட்டையில பழைய ஸ்டிக்கரா?"

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும் அது புது அட்டைன்னு?" என்றான் ஓஸ்மோ. சொன்ன மறுகணமே சொல்லியிருக்கக்கூடாது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

டோர்ஸ்டி ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான். கோப்பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தான். அவனுக்கு அவசரமே இல்லை. பிறகு அவன் கை அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. துப்பாக்கி வெளியே வந்து, பெல்ட்டிலிருந்து மேகசின் ஏறி, ஸ்லைடு 'சளக்'கென்று மூடியது. கண் சிமிட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. சாம்பியன் என்று சும்மாவா சொன்னார்கள்?

"நடுவர் சொல்லாம எடுக்க மாட்டேன்னீங்களே," என்றான் ஓஸ்மோ. இந்த முறை குரலில் கிண்டல் இல்லை, காற்றுதான் வந்தது.

"ஐலா, எழுந்து இந்தப் பக்கம் வா."

"டோர்ஸ்டி, வேண்டாம்..."

"வான்னு சொல்றேன்." அந்த மென்மையான குரல் மாறவே இல்லை. அதுதான் குலை நடுங்க வைத்தது. "துப்பறிய வந்தவங்க சுட்டுக் காட்டச் சொன்னாங்க. நீ பதட்டத்துல திரும்பிட்டே. ரெண்டு பேர் போயிட்டாங்க. ஏற்கெனவே ஒருத்தரைக் கொன்னவதானே, ஊரே நம்பும். உனக்கும் அதுக்கப்புறம் வாழப் பிடிக்காம போயிடும். அதையும் நம்புவாங்க."

ஓஸ்மோ மெல்ல நகர்ந்து கெர்த்துவுக்கு முன்னால் வந்து நின்றான். துப்பாக்கி முனை அவன் மார்புக்கு நேரே வந்தது.

ஐலா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. நகராட்சி நீச்சல் குளத்து வேலையில் தினமும் ஒரு பட்டாளம் பிள்ளைகளை மேய்க்கிற குரல் அது. அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது.

"முடிச்சாச்சுன்னா தோட்டாவை எடு! காலியைக் காட்டு!"

இருபது வருஷமாக, வாரம் தவறாமல், அந்தச் சொல்லைக் கேட்ட கை அது. மூளை 'வேண்டாம்' என்பதற்குள் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. மேகசின் மணலில் விழுந்தது. இடது கை ஸ்லைடை இழுத்தது. உள்ளே இருந்த தோட்டா துள்ளிப் போய்க் கோப்பைகள் மேல் விழுந்து 'டிங்' என்றது. டோர்ஸ்டி காலித் துப்பாக்கியைச் சாய்த்து, இல்லாத நடுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குள் ஓஸ்மோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையால் அவன் வயிற்றில் முட்டியிருந்தான். இருவரும் உருண்டார்கள். கெர்த்து துப்பாக்கியை எட்டி உதைத்தாள், டோர்ஸ்டியின் முதுகில் முழங்காலை ஊன்றினாள், அவனுடைய பெல்ட்டாலேயே அவன் கையைக் கட்டினாள்.

"பாஸ், நான் செத்துட்டேனா?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

"இன்னும் பேசறியே."

"அதான் சந்தேகமா இருக்கு. செத்தாலும் பேசுவேன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

போலீஸ் வந்து டோர்ஸ்டியைக் கூட்டிக்கொண்டு போனது. போகும்போது அவன் ஐலாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கேட்டருகே ஒரு மரக்கட்டையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ரெய்னோவை...?"

"ஜனவரியில ஒரு நாள் டோர்ஸ்டி குடிச்சுட்டு, பழைய பொண்டாட்டி வீட்டு வாசல்ல துப்பாக்கியோட நின்னிருக்கான்," என்றாள் கெர்த்து. "ரெய்னோதான் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்தார். சீசன் முடியறதுக்குள்ள குடியை விடு, இல்லைன்னா போலீசுக்குச் சொல்லிடுவேன்னார். சொன்னா லைசென்ஸ் போச்சு, துப்பாக்கி போச்சு, தேசிய அணியும் போச்சு. அவன் குடியை விடல."

"பிப்ரவரியில அவன் நீச்சல் குளத்துக்கு வந்தான்," என்றாள் ஐலா மெதுவாக. "நீயும் சுடக் கத்துக்கோயேன், ஜாலியா இருக்கும்னான். என்னைப் பிடிச்சுத்தான் வந்தான்னு நினைச்சேன்." அவள் கெர்த்துவின் முகத்தைத் தேடினாள். "அப்பவே முடிவு பண்ணிட்டானா? பழி போட ஒரு புது ஆள் வேணும்னு?"

"தெரியல. அப்பவே தோணிச்சோ, நடுவுல தோணிச்சோ, அது அவன் வாயால வந்தாத்தான் உண்டு."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று ஐலாவுக்கு ஆத்திரம் வந்தது. கூடவே, இந்தப் பொம்பளை பொய் சொல்ல மாட்டாள் என்று ஒரு ஆறுதலும் வந்தது.

"ஜனவரி விஷயமெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? நீங்க யாருக்காக வேலை செய்யறீங்க?"

கெர்த்து சாலைப் பக்கம் கை காட்டினாள். ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் ஐலாவின் கையிலிருந்து போர்வை நழுவியது. ஹெல்வி. ரெய்னோவின் மனைவி. இரண்டு வாரமாக எந்தத் தெருவில் அந்த அம்மாள் எதிரே வந்துவிடுவாரோ என்று பயந்து, ரொட்டி வாங்கக்கூட ஐலா வெளியே போகவில்லை.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் ஹெல்வி நேராக வந்து, அந்த மரக்கட்டையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கெர்த்துவை அனுப்பினது நான்தான்," என்றார். "அன்னிக்குக் காலையில ரெய்னோ சொல்லிட்டுத்தான் கிளம்பினார், இன்னிக்கு டோர்ஸ்டிகிட்ட முடிவாப் பேசப் போறேன்னு. உன் குண்டு பட்டுச்சுன்னு அவங்க வந்து சொன்ன நிமிஷமே எனக்கு நம்பிக்கை இல்ல. போலீஸ்கிட்ட சொன்னேன், காதுலயே போட்டுக்கல. உன்கிட்ட சொல்லியிருக்கணும். ஆனா உன்கிட்ட சொன்னா அவன் காதுக்குப் போயிடும். அதனால உன்னைத் தவிக்க விட்டுட்டேன். அதுக்கு நீ என்னைத் திட்டினாலும் சரிதான்."

ஐலாவுக்குத் திட்டத் தோன்றவில்லை. அவள் வாயில் வேறொன்று முட்டிக்கொண்டு நின்றது.

"நான் கொல்லல, ஹெல்வி."

"தெரியும்மா." அந்த அம்மாள் அவள் கையை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கினார். "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லு. சத்தமா சொல்லு."